எல்லா மோட்டாரும் ஓடிய காலை

மக்களிடம் போய், காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிற ஒன்றை விடச் சொல்லும் வேலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். தண்ணீரைக் குறைத்து எடுங்கள், முந்திரிச் சருகைக் கொளுத்தாதீர்கள், குப்பையைப் பிரித்துப் போடுங்கள். பயிற்சி வகுப்பில் இதற்கெல்லாம் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். முதல் ஊருக்குள் நுழைந்ததும் யாராவது ஒருவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் விட்டா அவன் விடுவானா?" என்று கேட்பார். என் பணிக்காலம் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் அலைந்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் முழுப் பதில் கிடைத்தபாடில்லை. ஆனால் ஒரு காலைப் பொழுதைப் பற்றி உங்களிடம் சொல்ல முடியும்.

பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிறவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மழை பொய்த்த வருடம் அது. ஏரி வெடித்துக் கிடந்தது. ஏரியை ஒட்டி ஊருக்கான குடிநீர் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, ஒன்று. அதைச் சுற்றிலும் விவசாயப் போர்கள். எல்லாம் சின்ன வெங்காயம் போட்ட நிலங்கள். சுற்றியுள்ள மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடினால் குடிநீர் போர் காற்றைத்தான் கக்கும். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. தொட்டி ஏறாவிட்டால் முதலில் நிற்பது குழாயின் கடைசியில் இருக்கும் காலனித் தெருவின் தண்ணீர்.

அந்த ஊரில் நான் பல மாதங்கள் வேலை பார்த்திருந்தேன். பேசிப் பேசி, ஏரியோரத்து விவசாயிகள் ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். மோட்டார் ஓட்டுவதற்கான த்ரீ ஃபேஸ் கரண்ட் வருகிற நேரத்தில் எல்லோரும் ஒன்றாக ஓட்டுவதில்லை. முறை வைத்து, ஒரு நாளைக்குச் சிலர் மட்டும் ஓட்டுவது. மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பொறுப்பது. வெங்காயம் காய் பெருக்கும் சமயத்தில் பக்கத்து வயல் நனைவதைப் பார்த்துக்கொண்டு தன் வயலைக் காய விடுவது எவ்வளவு கடினம் என்று வெங்காயம் போட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் ஏற்பாடு நடந்தது. தினமும் காலையில் நான் ஏரிக்கரையோடு நடந்து பார்ப்பேன். முறை மாறி ஓடியவை இரண்டு மோட்டார்கள். முறை வராத மற்றவை எல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடந்தன.

அந்த இரண்டு, எங்கள் அதிகாரியின் காதுக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை. ஊரில் குடிநீர் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஒரு கூட்டத்துக்காக நான் அரியலூர் போயிருந்த நாளில், ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குள் அனுப்பிவிட்டார். மாலையில் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது, அந்த ஊரின் தொட்டி ஆபரேட்டர் போன் செய்தார்.

"மேடம், ஒங்க ஆபீஸ்லேர்ந்து மைக் வந்துட்டுப் போச்சு."

"என்ன சொன்னாங்க?"

"பலபேரு கட்டுப்பாட்ட மீறி மோட்டார் ஓட்டி ஊர்க் குடிதண்ணியத் திருடுறாங்களாம். இனிமே ஓட்டுனா கனெக்ஷனக் கட் பண்ணிடுவாங்களாம். தெருத்தெருவா நின்னு சொன்னாங்க."

"ஜனங்க என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல மேடம். வாசல்ல நின்னு கேட்டாங்க. அப்புறம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. இதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருமானூர் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில், "இங்கே தினமும் பலர் குப்பை கொட்டுகிறார்கள். தயவுசெய்து கொட்டாதீர்கள்" என்று நாங்கள் ஒரு பலகை நட்டோம். நட்ட பிறகு குப்பை கூடியது. அதுவரை எங்கே கொட்டுவது என்று யோசித்தவர்களுக்கெல்லாம் பலகை இடத்தைக் காட்டிவிட்டது. என்னை வேலைக்கு எடுத்த மூத்த அதிகாரி, ஓர் அம்மா, வந்து பார்த்தார். அதிகம் பேச மாட்டார். கறுப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்து முதல் வரியை அழித்தார். "ஊரே செய்யுதுன்னு நீயே சொல்லிட்டு, நீ செய்யாதேன்னா எவன் கேப்பான்?" என்றார். அவ்வளவுதான்.

மைக்கில் வந்த அறிவிப்பிலும் அதே 'பலர்' இருந்தது. திருடியவர்கள் இரண்டு பேர். அறிவிப்பைக் கேட்டவர்கள் மொத்த ஊர்.

மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாலு ரோட்டைத் தாண்டும்போதே அதிகாரிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஊருக்குள் நுழைகிற வளைவில் வண்டியை நிறுத்தினேன். ஏரிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டது. ஒரு மோட்டாரின் சத்தம் எனக்குத் தெரியும், இரண்டின் சத்தமும் தெரியும். அன்று எண்ண முடியவில்லை. ஏரியோரம் முழுக்க ஒரே இரைச்சலாக இருந்தது.

நேராகச் செல்வராசுவின் வெங்காயக் கொல்லைக்குப் போனேன். காரணம் இருந்தது. முறை வைத்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் தவறாதவர் அவர். நாற்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாத ஆள். குடிநீர் போருக்கு மிக அருகில் இருந்தது அவருடைய போர்தான். அவர் நிறுத்தினால் தொட்டி ஏறும், அவர் ஓட்டினால் ஏறாது என்கிற மாதிரி இடம். அன்று அவருடைய முறை இல்லை. ஆனாலும் அவர் மோட்டார்க் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் கொட்டகை வாசலில் அவர் நின்றார். அவர் மனைவி மலர் மண்வெட்டியால் பாத்திக்குப் பாத்தி மடை திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க செல்வராசு, நீங்களுமா?" என்றேன்.

அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"நீங்களுமான்னு கேக்காதீங்க மேடம். பலபேரு திருடுறாங்கன்னு ஒங்க ஆபீஸ்தானே மைக்ல சொல்லுச்சு? நான் கேனப்பய மாதிரி பாத்தி வெடிக்க வெடிக்கப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஊரே ஓட்டியிருக்கு. எனக்குத்தான் தெரியல."

"ஊரே ஓட்டலைங்க."

"அப்ப மைக்கு பொய் சொல்லுச்சா? எப்படியும் எல்லாக் கனெக்ஷனையும் புடுங்கப் போறீங்க. புடுங்குறதுக்குள்ள ஒரு தண்ணியாவது விட்டுக்கிறேன்."

மிரட்டல் செய்த வேலையைப் பாருங்கள். ஓட்டாதே என்று சொல்லப்போய், இன்றைக்கே ஓட்டிக்கொள் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. தொட்டி ஆபரேட்டர்.

"மேடம், தொட்டி சுத்தமா ஏறல. போரு காத்து வாங்குது. காலனிப் பொம்பளைங்க கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஏரிப் பக்கம் வராங்க. அஞ்சல கையில அருவா இருக்கு. ஓசப் பைப்ப வெட்டப் போறாங்களாம்."

அஞ்சலை, நூறு நாள் வேலையில் காலனிப் பெண்களை அழைத்துவருகிற பெண். கூட்டங்களில் முன் வரிசையில் உட்கார்ந்து நேராகக் கேள்வி கேட்பவள். சும்மா மிரட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஏரிக்கரை மேல் அவர்கள் வருவது தெரிந்தது. வெறும் குடங்களோடு வரிசையாக வந்தார்கள். அதே நேரத்தில் மற்ற கொல்லைகளிலிருந்தும் ஊர்த்தெருவிலிருந்தும் ஆண்கள் கரைக்கு ஏற ஆரம்பித்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி, இன்னொருவர் கையில் கம்பு. வேலைக்கு எடுத்து வந்ததாகவும் இருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ள முயன்றேன்.

அதிகாரி அப்போதுதான் திரும்ப அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். "அங்கயே இருங்க. லைன்மேனையும் போலீசையும் கூட்டிட்டு வரேன். மொத்தமா கட் பண்ணிடுவோம்" என்றார்.

"சார், கொஞ்சம் பொறுங்க சார்."

"பொறுத்துதான் இப்படி ஆச்சு." போனை வைத்துவிட்டார்.

அந்த நிமிடத்தில் எனக்கு முன்னால் இருந்ததை உங்களுக்குத் தெளிவாகச் சொல்கிறேன். ஜீப் வந்து, காலனிப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது போலீசை வைத்து இணைப்பை வெட்டினால், அன்று தண்ணீர் கிடைக்கும். ஆனால், 'காலனிக்காரங்க போலீசக் கூட்டியாந்து நம்ம கரண்ட வெட்டுனாங்க' என்றுதான் அந்த ஊரில் பேச்சு நிலைத்துவிடும். வெங்காயம் காய்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பேச்சு வளரும். பிறகு அந்த இரண்டு தெருக்களையும் ஒரு கூட்டத்தில் உட்கார வைக்க யாராலும் முடியாது. ஜீப் வருவதற்குள் மோட்டார்கள் நிற்க வேண்டும். நிறுத்துகிறவர்கள் தாங்களாகவே நிறுத்த வேண்டும்.

பெண்கள் செல்வராசுவின் வரப்பில் இறங்கிவிட்டார்கள். அஞ்சலை, பாத்திக்குத் தண்ணீர் போகிற ஓசப் பைப்பின் அருகில் வந்து நின்றாள்.

"எங்க புள்ளைங்க மூஞ்சி கழுவக்கூடத் தண்ணி இல்ல. நீங்க வெங்காயத்தைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

"பைப்புல கை வச்சுப் பாரு" என்று கரையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"வச்சா என்ன பண்ணுவ? எறங்கி வா."

கரையிலிருந்து இருவர் இறங்கினார்கள். செல்வராசு கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பாத்தி நடுவே மலர் மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் பைப்புக்கும் அஞ்சலைக்கும் நடுவில் போய் நின்றேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"நேத்து மைக்ல சொன்னது தப்பு!" என்று கத்தினேன்.

என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. கரையிலிருந்தவர்கள் நின்றார்கள். என் அலுவலகம் சொன்னதை ஊர் நடுவில் நான் மறுக்கிறேன். அதிகாரி ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறார். வேலை போனாலும் போகலாம். ஆனால் நான் தினமும் நடந்து பார்த்தவள். எனக்குத் தெரிந்த உண்மை ஒன்று கையில் இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் இல்லை.

"முறை மாறி ஓட்டுனது பலபேரு இல்ல. ரெண்டே பேரு. தெனம் காலைல இந்தக் கரையில நான் நடந்தேன்ல, நீங்களே பாத்தீங்கல்ல? மத்த அத்தனை பேரும் சொன்ன சொல்லக் காப்பாத்துனீங்க. காலனிக்கு இத்தனை நாளா தண்ணி வந்தது அதனாலதான். இன்னிக்குத்தான் எல்லாரும் ஓட்டுறீங்க. ஏன்னா நேத்து மைக்க நம்பிட்டீங்க."

"யாரு அந்த ரெண்டு பேரு?" கரையிலிருந்து ஒரு குரல்.

"பேரச் சொல்ல மாட்டேங்க."

"ஏன் சொல்ல மாட்டீங்க?" இது அஞ்சலை. "எங்க தண்ணியக் குடிச்சவன் யாருன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?"

இரண்டு பக்கமும் என் மேல் கோபமானது. பெயரைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. சொன்னால் கூட்டம் என்னை விட்டுவிட்டு அந்த வீட்டைப் பார்த்துப் போகும். அதற்குப் பிறகு நடப்பது என் கையில் இருக்காது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது செல்வராசு கேட்டார். மற்ற யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார்.

"அப்ப, நான் ஓட்டலன்னு ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியுங்க. முந்தாநாள் உங்க கெழக்குப் பாத்தி வெடிச்சுக் கெடந்துச்சு. பக்கத்துக் கொல்லையில தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க வரப்புல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. மோட்டாரப் போடல. நான் பாத்தேன்."

அவர் அந்தக் கிழக்குப் பாத்தியைப் பார்த்தார். திரும்பிக் கொட்டகைக்குள் போனார். மோட்டார் இறங்கி நின்றது. குழாயில் தண்ணீர் மெலிந்து சொட்டியது. உள்ளே எதையோ பிடுங்குகிற சத்தம். வெளியே வந்தபோது அவர் கையில் மூன்று ப்யூஸ் கட்டைகள், வெள்ளைப் பீங்கான் கட்டைகள், இருந்தன. அவை இல்லாமல் மோட்டார் ஓடாது.

"இந்தா. நீயே வச்சுக்க. இனிமே என்னைத் திருடன்னு எவனும் சொல்லக் கூடாது" என்று அஞ்சலையின் காலடியில் விட்டெறிந்தார். கட்டைகள் ஈர மண்ணில் விழுந்தன.

அங்கே நின்ற எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான். ஆனால் அஞ்சலை குனியவில்லை.

"கையில குடுங்க" என்றாள்.

மற்ற மோட்டார்கள் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தன. கரையில் நின்ற ஆண்கள் செல்வராசுவைப் பார்த்தார்கள். அவர் முகம் இறுகியது. 'இதற்கு மேல் என்ன வேண்டும் இவளுக்கு' என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

அவர் குனிந்தார். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வேட்டியில் மண்ணைத் துடைத்தார். அஞ்சலையின் கையில் வைத்தார்.

அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டைகளைத் தன் குடத்துக்குள் போட்டாள். பிறகு அடுத்த கொல்லையைப் பார்த்து நடந்தாள். பெண்கள் பின்னாலேயே போனார்கள். நானும் போனேன். அடுத்த கொல்லைக்காரரிடம் அவள் திருடன் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. குடத்தைக் குலுக்கிக் காட்டினாள்.

"செல்வராசு குடுத்துட்டாரு. நீங்க?"

அவர் கரையில் வந்து நின்ற செல்வராசுவைப் பார்த்தார். செல்வராசு தலையை ஆட்டினார். அந்தக் கொல்லைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் கட்டையைப் பிடுங்கினார். "எங்க கட்டைய காலனியில கொண்டுபோயி வச்சுக்குவீங்களா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டார்.

"காலனியில வைக்கல. தொட்டிக்கு அடியில வைக்கிறோம். ரெண்டு தெருவும் வந்து பாக்கட்டும். யாரு முறையோ அவங்க வந்து வாங்கிட்டுப் போங்க" என்றாள் அஞ்சலை.

இந்த யோசனை என்னுடையது என்று பிற்பாடு எங்கள் அலுவலக அறிக்கையில் எழுதப்பட்டது. என்னுடையது இல்லை. ஒருவர் கோபத்தில் விட்டெறிந்ததையும் ஒருத்தி அதைக் கையில் கேட்டு வாங்கியதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பங்கு, அந்த இரண்டு பேரின் பெயரைச் சொல்லாமல் இருந்தது மட்டும். அதன் பலனை அரை மணி நேரத்துக்குள் கண்டேன். முறை மாறி ஓட்டிய இருவரில் ஒருவர், யாரும் கேட்பதற்கு முன் தானே கட்டைகளைக் கொண்டுவந்து குடத்தில் போட்டார். முகத்தை எல்லோரையும்விடக் கம்பீரமாக வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பெயர் வெளியே வந்திருந்தால் அவரால் அப்படி நடந்து வந்திருக்க முடியுமா?

ஒவ்வொன்றாகச் சத்தம் குறைந்தது. கடைசியில் ஏரியின் வடகரையில் ஒரே ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கவேலுடையது. ஊரிலேயே ஆழமான போர், அதிக நிலம். இருவரில் மற்றவர் அவர்தான். பெண்கள் போனபோது கொல்லையில் ஆள் இல்லை. கொட்டகை பூட்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். லைன்மேனும் இரண்டு போலீஸ்காரர்களும் பின்னால் இறங்கினார்கள். அதிகாரி காது கொடுத்துக் கேட்டார்.

"ஒண்ணுதானே ஓடுது?"

"ஆமா சார். மத்ததெல்லாம் அவங்களே நிறுத்திட்டாங்க."

நடந்ததைச் சொன்னேன். மைக்கில் சொன்னது தப்பு என்று நான் கத்தியதையும் மறைக்காமல் சொன்னேன். யாராவது சொல்லி அவருக்குத் தெரிவதைவிட அது நல்லது. அவர் முகம் சிவந்தது. ஆனால் அவர் கவனம் அந்த ஒரு மோட்டாரில்தான் இருந்தது.

"இது யாருடையது? பேரு சொல்லுங்க. மைக் வண்டி பின்னாலயே வருது. இந்த ஆளு பேரை மட்டும் ஊரு முழுக்க அறிவிச்சிட்டு கனெக்ஷனக் கட் பண்ணிடலாம். பாடமா இருக்கும்."

"வேணாம் சார்."

"நீங்க யாரு பக்கம்?"

"சார், ஒருத்தரு இன்னும் ஓட்டுறாருன்னு மைக்ல சொன்னா, குடத்துல கட்டையப் போட்ட அத்தனை பேரும் வந்து திருப்பிக் கேப்பாங்க. அவரு கனெக்ஷன வெட்டுனா, அவரு தெரு ஆளுங்கல்லாம் அவரு பக்கம் போயிடுவாங்க. நாளைக்குக் காலைல த்ரீ ஃபேஸ் வர்ற வரைக்கும் டைம் குடுங்க. அப்பவும் ஓடுனா நீங்க சொல்ற மாதிரி செய்ங்க. பொறுப்பு என்னோடதுன்னு நான் எழுதிக் குடுக்கிறேன்."

லைன்மேன் கையில் கட்டிங் பிளேயரோடு காத்திருந்தார். தொட்டி ஆபரேட்டர் ஓடிவந்து, "தொட்டி ஏறுது சார்!" என்றார். பெண்கள் ஏற்கெனவே குழாயடிக்குத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். அதிகாரி ஜீப்பில் ஏறினார். "நாளைக்குக் காலைல" என்றார். மைக் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவரைப் பற்றி நான் என்ன சொன்னாலும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோபத்தில் இருந்தபோதும் அவர் வண்டியைத் திருப்பினார்.

மதியம் தங்கவேல் வீட்டுக்குத் தனியாகப் போனேன். டிராக்டர் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ வரவழைத்தார். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"எம் பேர மைக்ல சொல்லப் போறீங்களாமே?"

"இல்லைங்க."

"ஏன்? பயமா?"

"சொல்லிட்டா, நிறுத்தணும்னு உங்களுக்கே தோணுனாலும் உங்களால நிறுத்த முடியாமப் போயிடும்ங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். டீயைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செல்வராசும் குடுத்துட்டானா?" என்றார்.

"குடுத்துட்டாரு."

"அவன் வெங்காயம் இன்னும் ரெண்டு தண்ணி கேக்குமே."

"கேக்கும்ங்க."

"காஞ்சு போவுமே."

நான் கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து வந்தேன். வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பும்போது, கேட்டிருக்க வேண்டுமோ என்று மனம் அடித்துக்கொண்டது. மறுநாள் காலை வரை அது அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் கரண்ட் வரும் நேரத்துக்கு முன்பே வடகரையில் போய் நின்றேன். அஞ்சலையும் வந்திருந்தாள். எதிரே செல்வராசுவும் நின்றார். கரண்ட் வந்தது. அன்றைக்கு முறை உள்ள கொல்லைகளில் மட்டும் மோட்டார்கள் உறுமிக் கிளம்பின. தங்கவேலின் கொட்டகையில் சத்தம் இல்லை. அஞ்சலை இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தங்கவேல் முறை மாறி ஓட்டவே இல்லை. ஆனால் கட்டையைக் கொடுக்கவும் இல்லை. தொட்டிக்கு அடியில் எல்லோருடைய கட்டைகளும் இருந்தன, அவருடையது மட்டும் இல்லை. அஞ்சலை என்னிடம் ஒருநாள் கேட்டாள்: "அவரு மட்டும் எங்க கையில குடுக்க மாட்டாராமா அக்கா?" மோட்டாரை நிறுத்தும் வழி ஏதோ கொஞ்சம் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாக நடிக்கவும் இல்லை. நீங்களும் நடிக்காதீர்கள்.

சித்திரைக் கடைசியில் கோடை மழை பெய்யும்வரை குடிநீர் போர் தாங்கியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வேறு ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள்.

அந்தச் சால்வையைப் போட்ட வாரத்தில் செல்வராசுவின் வீட்டுக்குப் போனேன். அவர் வெங்காய மூட்டைகளோடு திருச்சி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கொட்டகை நிழலில் மலர் மட்டும் உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தின் காய்ந்த இலைத் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. நானும் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துத் தாளை அறுக்க ஆரம்பித்தேன். வெங்காயம் சுண்டைக்காய் அளவுக்குத்தான் இருந்தது. சில அதுவும் இல்லை. கண் எரிந்தது.

"எல்லாரும் அவர மெச்சுறாங்க மேடம்" என்றாள் பிறகு. தலை நிமிரவில்லை. "அன்னிக்குக் கட்டையப் புடுங்கும்போது என்னைய ஒரு வார்த்தை கேட்டாரா? நடவு நட்டவ நான். களை எடுத்தவ நான். அங்கதான் பாத்தியில நின்னேன்."

நான் அறுப்பதை நிறுத்தினேன்.

"நீங்களும் கேக்கல. அஞ்சலயும் கேக்கல. எல்லாரும் அவரையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

உண்மைதான். அன்று காலை அந்தக் கொல்லையில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். மண்வெட்டியோடு அவள் நின்றது எனக்கு நினைவில் இருக்கிறது. அவள் பக்கம் திரும்பி ஒன்றும் கேட்டதாக நினைவில்லை. கேட்கவில்லை, அதனால்தான் இல்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மலர்?" என்றேன்.

அவள் கையிலிருந்த வெங்காயத்தைக் குவியலில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். தாளை அறுத்தாள்.

"நிறுத்துங்கன்னுதான் சொல்லியிருப்பேன். நானும் கொடம் தூக்குறவதானே" என்றாள். "ஆனா அது நான் சொன்னதா இருந்திருக்கும்ல."